பெட்டியை பெட்டிக்குள்ளயே வெச்சிருந்தா ரயில் எப்படிங்க ஓடும்?

முதல்லயே சொல்லிடறேன், இது சண்டைப் பதிவு. மாடல் ரயில் பைத்தியம் பிடிச்ச நாலு பேர் இதைப் படிச்சா பின்னூட்டத்துல வூடு கட்டி அடிப்பாங்க. அடிக்கட்டும். ரொம்ப நாளா உள்ளுக்குள்ள கொதிச்சுக்கிட்டு இருக்கு, இன்னிக்கு இறக்கி வெச்சே ஆகணும்.

மேட்டர் இதுதான். மாடல் ரயில் ஆசாமிகள் ரெண்டு பேர் சந்திச்சா பேச்சு முழுக்க என்ஜின்தான். எத்தனை சக்கரம், என்ன சத்தம், புகை வருதா, விளக்கு எரியுதா. அந்த என்ஜின் இழுத்துட்டுப் போற பயணிகள் பெட்டியைப் பத்திக் கேட்டுப் பாருங்க. "அதுவா, ஆறு வாங்கினேன், வளைவுல தடம் புரளுது, அலமாரில வெச்சிருக்கேன்"னு பதில் வரும். அட்டைப்பெட்டிக்குள்ள ரயில் பெட்டி. தமிழ்ல ரெண்டுக்கும் ஒரே சொல்லு அமைஞ்சது தீர்க்கதரிசனம்தான் போல :-)

அலமாரிக்குப் போனது பெட்டியோட குத்தம் இல்லைங்க. குத்தம் ரெண்டு இடத்துல இருக்கு. ஒண்ணு, வாங்கும்போது "நிஜ நீளம்"னு பிடிக்கிற வறட்டு கௌரவம். இன்னொண்ணு, வாங்கின பிறகு அடியில ஆரம்பிக்க வேண்டிய வேலையை மேல ஆரம்பிக்கிறது. ரெண்டையும் ஒவ்வொண்ணா பார்க்கலாம்.

இந்தப் பக்கமே எட்டிப் பார்க்காதவங்களுக்கு ஒரு சின்ன முன்கதை. மாடல் ரயில்ல உலகம் முழுக்க அதிகம் புழங்கற அளவு ஹெச்.ஓ. நிஜத்துல 87 மீட்டர் இருந்தா இங்கே 1 மீட்டர். தண்டவாள அகலம் 16.5 மி.மீ. அமெரிக்காவுல பழைய எக்ஸ்பிரஸ் ரயில்கள்ல ஓடின முழு நீளப் பெட்டி 85 அடி, அதாவது கிட்டத்தட்ட 26 மீட்டர். அதை 87ஆல வகுத்தா 29.7 செ.மீ. வரும். பள்ளிக்கூட ஸ்கேல் நீளத்துக்கு ஒரு பெட்டி!

இப்ப வளைவுக்கு வருவோம். ஆரம்பக்காரங்களுக்கு விக்கிற செட்டுல வர்ற வட்டத் தண்டவாளத்தோட ஆரம் 18 அங்குலம், 45.7 செ.மீ. எட்டுக்கு நாலு பிளைவுட் பலகையில அடங்கணுமே, அதுக்காக. இந்த வளைவுல அந்த 29.7 செ.மீ. பெட்டியை ஏத்துங்க. பெட்டியோட நடுப்பகுதி ஏறக்குறைய 12 மி.மீ. உள்பக்கம் போகும். ரெண்டு முனையும் அதே 12 மி.மீ. வெளிப்பக்கம் போகும். பெட்டியோட அகலமே 35 மி.மீ.தான், அதுல மூணுல ஒரு பங்கு விலகல். முன்னால இருக்கிற குட்டை என்ஜினோட கொக்கி கிட்டத்தட்ட தண்டவாளத்துக்கு நேர் மேல நிக்கும். பெட்டியோட கொக்கி 12 மி.மீ. தள்ளி நிக்கும். நேர்ப்பாதையில இருந்து வளைவுக்குள்ள நுழையற அந்த ஒரு கணத்துல ஒண்ணை ஒண்ணு பக்கவாட்டுல இழுக்கும். அப்புறம் தடம் புரளாம என்னங்க செய்யும்?

"அதுக்காக நீளத்தைக் குறைச்ச பெட்டியை ஓட்டச் சொல்றியா? அது பொம்மை"ன்னு ஒரு கோஷ்டி கிளம்பும். இவங்களுக்குத்தான் இந்தப் பதிவே.

ஐயா, ஒரு கணக்கு சொல்றேன் கேளுங்க. நம்ம இந்திய ரயில்வேயில அகலப்பாதைக்கு அனுமதிக்கிற மிகக் கடுமையான வளைவோட ஆரம் 175 மீட்டர். அதை ஹெச்.ஓ. அளவுக்குக் கொண்டு வந்தா 2 மீட்டர் ஆரம். வட்டத்தோட குறுக்களவு மட்டும் 4 மீட்டர். உங்க வீட்டு ஹால்ல அது அடங்குமா? அடங்காது. அதனால நீங்க 45.7 செ.மீ. போட்டீங்க. அதாவது வளைவை நாலுல ஒரு பங்குக்கும் கீழே வெட்டிட்டீங்க. அப்ப வராத மனசாட்சி, பெட்டியில மூணு ஜன்னல் குறையும்போது மட்டும் எங்கிருந்து வருது? நனைஞ்ச பிறகு முக்காடு எதுக்குங்கறேன்.

ரயில் நீளத்துலயும் இதே கதைதான். 1949ல இருந்து 1970 வரைக்கும் சிகாகோவுக்கும் ஓக்லண்டுக்கும் நடுவுல ஓடின கலிஃபோர்னியா ஜெஃபிர் ரயிலை மாடலா ஓட்டணும்னு பாதிப் பேருக்கு ஆசை. பளபளக்கிற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், கண்ணாடிக் கூரை வெச்ச டோம் பெட்டிகள், யாருக்குத்தான் ஆசை வராது. 11 பெட்டி போட்டா பெட்டிகள் மட்டுமே மூணேகால் மீட்டர் ஆச்சு. நம்ம பிளைவுட் மேல ஒரு முழுச் சுத்து போட்டாலே ஆறு மீட்டர் தேறாது. என்ஜினையும் சேர்த்தா பாதை பாதிக்கு மேல ரயிலே அடைச்சுக்கும். என்ஜின் தன் கடைசிப் பெட்டியையே துரத்திக்கிட்டு ஓடும். அதனால எல்லாரும் நாலு பெட்டியோட நிறுத்திக்கிறாங்க. ஏழு பெட்டியை முழுசா விழுங்கினவங்க, ஒரு பெட்டியில மூணு செ.மீ. குறைஞ்சா தெய்வக் குத்தம்ங்கறாங்க.

நீளம் குறைஞ்சா பொம்மைங்கறதே தப்பு. நம்ம பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலை 1955ல ஆரம்பிச்சது. சுவிட்சர்லாந்து கம்பெனி கொடுத்த டிசைன்ல 2018 வரைக்கும் செஞ்சு தள்ளின வழக்கமான பெட்டியோட நீளம் 21.3 மீட்டர். ஹெச்.ஓ.வுல 24.5 செ.மீ. அமெரிக்கப் பெட்டியைவிட 5 செ.மீ. குட்டை. இந்தியாவே அதுல ஏறி ஊருக்குப் போயிருக்கு. அதைப் பார்த்து பொம்மைன்னு யாராவது சொன்னாங்களா?

அதனால தேர்வு பண்றதுக்கு என் யோசனை இது. முதல்ல பெட்டியைப் பார்க்காதீங்க, உங்க வளைவை அளங்க. பழைய ஆளுங்க வெச்சிருக்கிற கைக்கணக்கு ஒண்ணு இருக்கு: வளைவோட ஆரம் பெட்டி நீளத்தைப்போல மூணு மடங்கு இருந்தா கவலையே இல்லை. எல்லாம் ஒரே மாதிரி பெட்டிகளா இருந்தா ரெண்டரை மடங்குலயும் ஒழுங்கா ஓடும். ரெண்டு மடங்குக்குக் கீழ போனா வம்பு. 29.7 செ.மீ. பெட்டிக்கு மூணு மடங்குன்னா கிட்டத்தட்ட 90 செ.மீ. ஆரம் வேணும். இடம் இருக்கா? தாராளமா முழு நீளம் வாங்குங்க, நானே வந்து கைதட்டறேன். இல்லையா? உங்களுக்கு ரெண்டு வழி இருக்கு.

ஒண்ணு, நிஜத்துலயே குட்டையா இருந்த பெட்டி. 20ஆம் நூற்றாண்டோட ஆரம்பத்துல யூனியன் பசிஃபிக், சதர்ன் பசிஃபிக் மாதிரி ரயில்வேக்கள்ல ஓடின ஹாரிமன் வகை எஃகுப் பெட்டிகள்ல 60 அடிப் பெட்டிகள் உண்டு. ரவுண்ட்ஹவுஸ் அதை மாடலா போட்டிருக்கு, பழைய சரக்கு விக்கிற இடங்கள்ல தேடினா சிக்கும். ஹெச்.ஓ.வுல 21 செ.மீ. அதே 18 அங்குல வளைவுல விலகல் பாதியா குறைஞ்சு 6 மி.மீ. சொச்சத்துக்கு வந்துடும். வளைவை 22 அங்குலமாக்கினா ரெண்டரை மடங்கைத் தாண்டிடுவீங்க. இதுல எந்தப் பொய்யும் இல்லை, ஒரு ஜன்னல்கூடக் குறையலை.

ரெண்டு, கம்பெனியே நீளத்தைச் சுருக்கின பெட்டி. ஏதர்ன் பல வருஷமா வித்த பளபளப்பு ரயில் பெட்டிகள் 85க்குப் பதிலா 72 அடி. ஜெர்மனியில மார்க்லின் 26.4 மீட்டர் பெட்டியை 30.3 செ.மீ.க்குப் பதிலா 28.2 செ.மீ.ல விக்குது. அந்த ஊர்ல இதை வாங்கி ஓட்டுறவங்க யாரும் நாடு கடத்தப்படலை. ஒரே நிபந்தனை, சுருக்கினதையும் முழு நீளத்தையும் ஒரே ரயில்ல கலக்காதீங்க. பக்கத்துல பக்கத்துல நின்னா கண்ணு காட்டிக் கொடுத்துடும். தனியா ஓடினா யாருக்கும் தெரியாது.

சரி, வாங்கியாச்சு. இப்ப ரெண்டாவது குத்தம். பெட்டி வீட்டுக்கு வந்ததும் எல்லாரும் முதல்ல பண்றது என்ன? உள்ளே விளக்கு! அப்புறம் உள்ளே உட்கார ஆளுங்க. அப்புறம் ஓரத்துல ஒட்ட பேரு. சக்கரம் ஆடுது, கொக்கி தொங்குது, ஆனா உள்ளே ஜகஜோதியா எல்.இ.டி. வீடு ஒழுகும்போது வாசல்ல சீரியல் பல்பு போட்ட கதை. வேலையைக் கீழ இருந்து மேல பண்ணுங்க.

1. எடை. பாதிப் பெட்டிகள் தேவையைவிட லேசா வருது. அமெரிக்காவோட என்.எம்.ஆர்.ஏ. அமைப்பு ஹெச்.ஓ.வுக்குச் சொல்ற கணக்கு: 1 அவுன்ஸ், அதோட நீளத்துல அங்குலத்துக்கு அரை அவுன்ஸ். நம்ம பாஷையில 28 கிராம், அதோட செ.மீ.க்கு 5.6 கிராம். 21 செ.மீ. பெட்டிக்கு 145 கிராம் சொச்சம், 29.7 செ.மீ. பெட்டிக்கு 195 கிராம். கிச்சன் தராசுல போட்டுப் பாருங்க. குறைஞ்சா, டயர் கடையில வீல் பேலன்ஸிங்குக்கு ஒட்டுற எடைத் துண்டு வாங்கி தரையோட தரையா ஒட்டுங்க. கூரைகிட்ட வேண்டாம், பெட்டி தள்ளாடும். எல்லாப் பெட்டிக்கும் ஒரே கணக்கு முக்கியம். லேசான பெட்டி ஒண்ணு நடுவுல மாட்டினா பின்னால இருக்கிற கனம் அதை வளைவோட உள்பக்கமா சாய்ச்சு இழுத்துடும்.

2. சக்கரம். பிளாஸ்டிக் சக்கரம் இருந்தா உலோகத்துக்கு மாத்துங்க. பிளாஸ்டிக் அழுக்கைச் சேர்த்துத் தண்டவாளம் முழுக்கப் பூசும். பயணிகள் பெட்டிக்கு 36 அங்குலச் சக்கரம், ஹெச்.ஓ.வுல 10.5 மி.மீ. (ஐ.சி.எஃப். பெட்டிச் சக்கரமும் 915 மி.மீ., அதே அளவுதான்!) சரக்கு வண்டிக்கான 33 அங்குலத்தை வாங்கி மாட்டிட்டு கொக்கி உயரம் சரியில்லைன்னு புலம்பாதீங்க. பழைய ரிவரோஸ்ஸி பெட்டிகள்ல சக்கர விளிம்பு ரொம்ப ஆழம், உயரம் குறைஞ்ச தண்டவாளத்துல ஆணி மேல தட்டித் தட்டி ஓடும். அச்சு நீளம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், பார்த்து வாங்குங்க.

3. போகி. நாம பெட்டியையே போகின்னு சொல்றோம். உண்மையில பெட்டிக்கு அடியில சக்கரங்களைத் தாங்குற சட்டம்தான் போகி. ஒரு பெட்டிக்கு ரெண்டு. ஒரு போகியோட திருகை, அது இடவலமா திரும்ப மட்டும் விடற அளவுக்கு முறுக்குங்க. இன்னொண்ணைக் கொஞ்சம் தளர்த்தி எல்லாப் பக்கமும் ஆட விடுங்க. மூணு கால் முக்காலி எந்தத் தரையிலயும் ஆடாம நிக்குமே, அந்தத் தத்துவம். செலவு பைசா கிடையாது, ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும்.

4. கொக்கி. பழைய பெட்டிகள்ல கொக்கி போகியிலயே இருக்கும். வளைவுக்கு வசதிதான், ஆனா ரயிலைப் பின்னால தள்ளினா போகி கோணிக்கிட்டு இறங்கிடும். முடிஞ்சா கேடீ மாதிரி கொக்கியை பெட்டியோட தரையில மாட்டுங்க. கழுத்து நீளமானதா பாருங்க. ஐரோப்பியப் பெட்டிகள்ல நேர்ப்பாதையில நெருங்கி, வளைவுல தானா விலகுற அமைப்பே இருக்கு. அதைக் கழட்டாதீங்க.

5. இதெல்லாம் முடிஞ்சு, ரயில் பத்து சுத்து முன்னாலயும் பத்து சுத்து பின்னாலயும் தடம் புரளாம ஓடின பிறகு, அலங்காரம். உள்பக்கம் ஒரே நிறப் பிளாஸ்டிக்கா இருக்கிற சீட்டுக்குப் பெயின்ட் அடிங்க. ப்ரைஸர் பொம்மைகளை உட்கார வைங்க, ஜன்னல் வழியா தலையும் தோளும்தான் தெரியும், காலை வெட்டினாலும் பாவம் இல்லை. கூரைப் பளபளப்பை மேட் வார்னிஷ் போட்டு அடக்குங்க. கடைசியா விளக்கு. 1930கள் ரயிலுக்கு மஞ்சள் வெளிச்சம், ஆஸ்பத்திரி வெள்ளை இல்லை. சின்ன கெப்பாசிட்டர் ஒண்ணு சேர்த்தா மினுமினுக்காது.

இப்ப கவனிங்க. முதல் நாலுக்கும் ஆகுற செலவு, புது என்ஜின் விலையில ஒரு துளி. நல்ல டீடெயில் உள்ள பெட்டி ஒண்ணே 100 டாலரைச் சுலபமா தாண்டுற காலம் இது. அதை வாங்கி அலமாரியில வைக்கறதைவிட, பழைய மலிவுப் பெட்டி நாலை ஓட வைக்கறவன்தான் என் கணக்குல ரயில்காரன். விளையாட்டா சொல்லலை. புதுசா இந்தப் பொழுதுபோக்குக்கு வர்ற பையன் தன் முதல் ரயில் மூணு சுத்துல ஏழு தடவை விழுந்தா, என்ஜினைக் குறை சொல்ல மாட்டான். "எனக்கு இது வராது"ன்னு மூட்டை கட்டிடுவான். அவனுக்கு நாம 85 அடிப் பெட்டியைக் கைகாட்டிட்டு, நீளத்தைப் பத்திப் பாடமும் எடுக்கறோம். இது நியாயமா?

ஊர்ல ரயில் போகும்போது கையாட்டுற குழந்தைகளைக் கவனிச்சிருக்கீங்களா? என்ஜினைப் பார்த்துக் கையாட்டி முடிக்கறதில்லை. கடைசிப் பெட்டி போற வரைக்கும் ஜன்னல் ஜன்னலா ஆட்டும். ரயில்னா அதுதான். என்ஜின் அதை இழுத்துட்டு வர்ற ஆள், அவ்வளவுதான்.

அதனால இந்த ஞாயித்துக்கிழமை புது என்ஜின் தேடறதை விட்டுட்டு, அலமாரியில இருக்கிற பெட்டியைத் தராசுல வைங்க. ஆட்டோ அனுப்பறவங்க அதுக்கு அப்புறம் அனுப்புங்க.

பி.கு: "இடம் இருக்கறவன் என்ன பண்றது"ன்னு கேட்கப் போறவங்களுக்கு: மேலயே சொல்லிட்டேன், வந்து கைதட்டறேன். ஆனா ரயில் ஓடணும் :-)