அடுத்த நாற்காலியில் யார்?

வானவில் தோன்றினால் குழந்தைகள் கூவுவார்கள். பெரியவர்களும் வேலையை விட்டு அண்ணாந்து பார்ப்பார்கள். அது எல்லோர் கண்ணுக்கும் பொதுவானது.

கிறிஸ்தவர்களின் வேதத்திலும் வானவில் உண்டு. பெருவெள்ளம் வடிந்த பிறகு கடவுள் மேகத்தில் வில்லை வைத்தார். இனி வெள்ளத்தால் உலகை அழிப்பதில்லை என்பதற்கு அது அடையாளம். அந்த வாக்கு நோவாவின் குடும்பத்துக்கு மட்டும் தரப்பட்டதல்ல. உயிருள்ள எல்லாவற்றுக்கும் தரப்பட்டது.

இன்று வானவில் இன்னொரு கூட்டத்தாருக்கும் அடையாளம். ஆணை விரும்பும் ஆண், பெண்ணை விரும்பும் பெண், திருநங்கை, திருநம்பி ஆகியோர் வானவில் கொடியை ஏந்துகிறார்கள்.

கொடி பிறந்த கதை

1978-ம் ஆண்டு. அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரம். கில்பர்ட் பேக்கர் என்ற கலைஞருடன் சுமார் 30 பேர் கூடினார்கள். குப்பைத் தொட்டிகளில் சாயம் கரைத்தார்கள். துணியைத் தோய்த்தார்கள், தைத்தார்கள். ஜூன் 25-ந் தேதி, 8 நிறக் கொடி பறந்தது. நிறத்துக்கு ஒரு பொருள் வைத்தார்கள். சிவப்பு, உயிர். மஞ்சள், சூரிய ஒளி. பச்சை, இயற்கை. ஊதா? ஆன்மா! பிற்காலத்தில் 8 நிறம் 6 ஆகக் குறைந்தது. ஊதா போகவில்லை.

பலர் கூடிச் சாயம் தோய்த்துப் பிறந்த கொடி அது. அதே போல, மேல்நாடுகளில் சில தேவாலயங்கள் "வானவில் ஓவிய மாலை" நடத்துகின்றன. நீள மேசை போடுகிறார்கள். காகிதமும் வண்ணமும் வைக்கிறார்கள். பாட்டி வரலாம், பேரன் வரலாம், வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவரும் வரலாம்.

"படம் வரைந்தால் பேதம் போய்விடுமா?" என்று கேட்பார்கள். போகாது. ஆனால், "அந்த நீலத்தை இப்படித் தள்ளுங்கள்" என்று ஒருவர் கேட்பார். மற்றவர் தள்ளுவார். அதுவரை அவர் "அந்த மாதிரி ஆள்". இப்போது பக்கத்து நாற்காலிக்காரர். பத்துப் பிரசங்கம் செய்யாததை ஒரு கிண்ணம் வண்ணம் செய்துவிடும்.

"மதம் இதை ஒப்புமா?" என்பது அடுத்த கேள்வி. ஒவ்வொரு மதத்துக்குள்ளும் இதில் இரண்டு கட்சி உண்டு. வாதம் நடக்கட்டும். அது முடிகிற வரையில் பெற்ற பிள்ளையைத் தெருவில் நிறுத்துவதா?

நம் ஊரில்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் கூவாகம் இருக்கிறது. போரில் பலியாகும் அரவானை, கண்ணன் பெண் உருவில் வந்து மணந்தான் என்பது கதை. சித்திரைத் திருவிழாவில் திருநங்கைகள் அங்கே தாலி கட்டிக்கொள்கிறார்கள், மறுநாள் அறுக்கிறார்கள். சாமி முன்னால் இடம் உண்டு. ஆண்டின் மற்ற நாட்களில்? வாடகைக்கு வீடு கிடைப்பதில்லை. வேலை கிடைப்பதில்லை.

கலை அந்தக் கதவைத் திறந்திருக்கிறது. மதுரையில் பிறந்த திருநங்கை நர்த்தகி நடராஜைத் தஞ்சை கிட்டப்பா பிள்ளை சிஷ்யையாக ஏற்றார். பரதம் கற்பித்தார். 2019-ல் நர்த்தகிக்குப் பத்மஸ்ரீ பட்டம் கிடைத்தது. குரு அன்று, "போ" என்று சொல்லியிருந்தால்?

பெங்களூரில் 2016-ல் ஓர் ஓவியக் குழு தோன்றியது. அரவாணி என்ற பெயரையே அது தாங்கியிருக்கிறது. திருநங்கைகளும் மற்றவர்களும் சேர்ந்து தெருச் சுவர்களில் பெரிய ஓவியங்கள் தீட்டுகிறார்கள்.

சட்டமும் தன் பங்கைச் செய்திருக்கிறது. 2008-ல் தமிழக அரசு திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைத்தது. 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு அவர்களை மூன்றாம் பாலினமாக ஏற்றது. 2018-ல், ஒரே பாலினத்தார் மனமொத்து உறவு கொள்வது குற்றமல்ல என்று தீர்ப்புக் கூறியது. ஆனால், வீட்டுக் கதவின் தாழ்ப்பாள் கோர்ட்டின் கையில் இல்லை. அது தாயின் கையில், தகப்பன் கையில் இருக்கிறது.

நமக்கு ஓவிய மாலை புதிது. கோலம் புதிதல்ல. மார்கழியில் கோலப் போட்டி வைக்கிறோம். கிறிஸ்துமசுக்கு நட்சத்திரம் செய்கிறோம். இந்த ஆண்டு அங்கே ஒரு திருநங்கையையும் அழையுங்கள். பரிசு கொடுக்க வேண்டாம். மாலை போட வேண்டாம். ஒரு பிடி கோலமாவு கொடுங்கள். பக்கத்தில் உட்கார இடம் கொடுங்கள்.

மறுநாள் கடைத்தெருவில் அவரைக் கண்டால், "சவுக்கியமா?" என்று கேளுங்கள். வானவில் அங்கேதான் தொடங்குகிறது.