இருதயம் அடிப்பது எதனால்?

மனிதனுடைய இருதயம் ஒரு நாளைக்குச் சுமார் 1,00,000 தடவை அடிக்கின்றது. அதை அடிக்கச் செய்வது எது என்று கேட்டால், ஆத்மா என்று ஒருவரும், ஆண்டவன் கட்டளை என்று இன்னொருவரும், தலையெழுத்து என்று மற்றொருவரும் சொல்லிவிடுகிறார்கள். இப்படிச் சொல்லுவதில் ஒரு சௌகரியம் உண்டு. அதற்குமேல் யாரும் எதையும் யோசிக்க வேண்டியதில்லை.

ஆனால் யோசித்தவர்களும் இருந்தார்கள். லண்டனில் சிட்னி ரிங்கர் என்னும் வைத்தியர், தவளையின் இருதயத்தை அறுத்தெடுத்து உப்பு நீரைப் பாய்ச்சிப் பார்த்தார். உடலை விட்டு வெளியே வந்த பிறகும் அது அடித்துக்கொண்டேயிருந்தது. தவளையின் ஆத்மா அப்போது எங்கேயிருந்தது என்பதை ஆஸ்திகர்கள்தான் சொல்ல வேண்டும். 1882ல் இதைப்பற்றி எழுதிய பிறகு, அந்த உப்பைக் கரைத்தது காய்ச்சி வடித்த நீரிலல்ல, குழாய்த் தண்ணீரில் என்பது அவருக்குத் தெரியவந்தது. வடித்த நீரில் கரைத்துப் பார்த்தார். இருதயம் சிறிது நேரத்தில் நின்றுபோயிற்று. குழாய்த் தண்ணீரிலிருந்த கால்சியம் என்னும் சுண்ணாம்புச் சத்தைச் சிறிது சேர்த்தார், மறுபடியும் அடித்தது. தமது முந்திய முடிவு சரியல்ல என்று 1883ல் அவரே அச்சிட்டு வெளியிட்டார். எந்தப் புராணமாவது இப்படித் தன்னைத்தானே திருத்திக்கொண்டதுண்டா என்று கேட்கின்றோம்.

அந்தக் கால்சியம் செய்யும் வேலை இன்று நன்றாய் விளங்கியிருக்கின்றது. இருதயத் தசை எண்ணிறந்த உயிரணுக்களாலானது. ஓய்வாயிருக்கும்போது உயிரணுவின் உள்ளே இருப்பதைவிட வெளியே கால்சியம் சுமார் 10,000 மடங்கு அதிகம். மின்சாரத் துடிப்பு வந்ததும் உயிரணுவின் சவ்விலுள்ள வாயில்கள் திறந்து, கொஞ்சம் கால்சியம் உள்ளே நுழைகின்றது. அந்தக் கொஞ்சம், உள்ளே பையில் அடைபட்டிருக்கும் ஏராளத்தைத் திறந்துவிடுகின்றது. ஜப்பானிய விஞ்ஞானி செட்சுரோ எபாஷி 1960களில் கண்டறிந்த ட்ரோபோனின் என்னும் புரதத்தில் அது போய் ஒட்டியதும், பூட்டுத் திறந்ததுபோல் ஒருவகை இழை மற்றொருவகை இழையைப் பற்றி இழுக்கின்றது, தசை சுருங்குகின்றது. உடனே பம்புகள் கால்சியத்தைத் திரும்பப் பைக்குள் இறைக்கின்றன, தசை தளர்கின்றது. இவ்வளவுதான் ஒரு துடிப்பு. நாம் பயந்தால் அட்ரினலின் என்னும் சுரப்பு, கால்சியம் அதிகம் நுழையும்படி செய்து பம்பையும் முடுக்கிவிடுகின்றது. நெஞ்சு படபடப்பது அதனாலேயொழிய, பேய் பிடித்ததனால் அல்ல.

நிற்க, இதனால் பாமர மக்களுக்கு என்ன பலன் என்று கேட்கலாம். சோர்ந்துபோன இருதயத்தில் இந்தப் பம்பும் தளர்ந்து போகின்றது. மூச்சுத் திணறுகின்றது, கால் வீங்குகின்றது. இதற்கு ஆஸ்பத்திரியில் மருந்து இருக்கின்றது. மந்திரித்த கயிறு எந்த வாயிலைத் திறக்கும்? விபூதி எந்தப் பம்பை இறைக்கும்? நோயாளியைப் பூசாரி முன் கிடத்திவிட்டு, செத்த பிறகு விதி முடிந்தது என்று அழுவது பக்தியுமல்ல, அன்புமல்ல. ஆகவே, தோழர்களே! மூச்சுத் திணறுகிறவன் உங்கள் வீட்டிலிருந்தால், வண்டியைக் கோயிலுக்கு விடாதீர்கள், ஆஸ்பத்திரிக்கு விடுங்கள்.