கோவிலம்பாக்கத்தில் ஒருங்கிணைந்த நலவாழ்வு, விளையாட்டு, படிப்பக வளாகம்: கூட்டுக் குழுவின் நிலைப்பாடு

மருத்துவ ஆலோசனை அறை, விளையாட்டுத் திடல், படிப்பகம் ஆகிய மூன்றும் ஒரே சுற்றுச்சுவருக்குள் அமைய வேண்டும் என்பதே கோவிலம்பாக்கம் குடியிருப்போர் சங்கங்களின் கூட்டுக் குழு எடுத்துள்ள நிலைப்பாடு. சர்க்கரை அளவு பார்க்க வரும் பாட்டியோடு பேரனும் வருகிறான். அவன் பந்து உதைக்கும் நேரத்தில் அவன் அக்கா பொதுத்தேர்வுக்குப் படிக்கலாம். ஒற்றை அறை வாடகை வீட்டில் ஐந்து பேர் படுத்தெழும் குடும்பத்துக்கு இப்படியோர் இடம் இரண்டாவது அறை மாதிரி.

5 நகராட்சிகளையும் 5 பேரூராட்சிகளையும் சேர்த்து 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது, கோவிலம்பாக்கம் பரங்கிமலை ஒன்றியத்து ஊராட்சியாகவே விடப்பட்டது. 2023 ஜூனில் முதல்வர் திறந்துவைத்த 500 நலவாழ்வு மையங்களும் நகர்ப்புறத்துக்கானவை. ஊர் வழியே போகும் ரேடியல் சாலையின் நெரிசல் மட்டும் நகரத்துக் கணக்கு. வசதிகள் கிராமத்துக் கணக்கு. மாநகராட்சியோடு இணைவது குறித்து உறுப்பினர்களிடையே இரு கருத்துகள் இருப்பதால், இவ்வறிக்கை இப்போதைக்கு அதற்குள் போகவில்லை.

கட்டடம் கட்டுவது எளிது. 2006இல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் ஊராட்சிக்கு 20 லட்சம் ரூபாய் வீதம் ஒதுக்கி, நூலகமும் விளையாட்டு மையமும் தந்தது. பல ஊர்களில் அந்த நூலகங்கள் பின்னாளில் பூட்டியே கிடந்தன. மருத்துவம் ஒரு துறை, விளையாட்டு ஒரு துறை, நூலகம் ஒரு துறை. சாவி யாரிடம் என்று கேட்டால் மூன்று துறைகளும் ஒன்றையொன்று கைகாட்டும். ஒரே இடத்தில் நடத்திக் காட்டிய முன்மாதிரியும் உண்டு: லண்டனின் பெக்கம் பகுதியில் 1935இல் நீச்சல் குளத்தை நடுவில் வைத்துக் கட்டிய நலவாழ்வு மையத்துக்குக் குடும்பம் குடும்பமாக விளையாட வந்தவர்கள், அங்கேயே உடல் பரிசோதனையும் செய்துகொண்டார்கள். அந்நாட்டு அரசின் புதிய சுகாதாரச் சேவைக்குள் பொருந்தாமல் அது 1950இல் மூடப்பட்டது.

பள்ளிப் பிள்ளைகளிடம் கட்டணம் கூடாது என்பதில் குழு எந்த வகையிலும் விட்டுக்கொடுக்காது. 2024 அக்டோபர் இறுதியில் சென்னை மாநகராட்சி மன்றம் 9 கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விட்டு, ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் வாங்கத் தீர்மானம் போட்டது. எதிர்ப்பு கிளம்பிய பிறகே பின்வாங்கியது. ஒரு தெருவின் பத்துப் பிள்ளைகள் ஒரு மணி நேரம் ஆடினால் 1,200 ரூபாய். சித்தாள் வேலைக்குப் போகும் தாயின் ஒரு நாள் கூலி அதற்கு எட்டாது. பொது நிலத்தில் பொதுப் பணத்தில் போட்ட புல்தரையில் கால் வைக்க அந்தப் பிள்ளையிடமே காசு கேட்பதற்குப் பராமரிப்பு என்று பெயர் சூட்டக் கொஞ்சம் கூச்சமாவது வேண்டும். அது திரும்பப் பெறப்பட்ட தீர்மானம்தானே என்போர் உண்டு. ஒருமுறை மன்றத்தில் நிறைவேறியது மறுமுறை வேறு பெயரில் வரும். பெக்கத்தில் வாரச் சந்தா இருந்ததே எனச் சில உறுப்பினர்கள் நினைவூட்டினர். அது முழுக் குடும்பத்துக்கும் சேர்த்த சிறு தொகை. தலைக்கும் மணிக்கும் போட்ட விலை அல்ல. எனினும் பெரியவர்களின் இரவு நேரப் போட்டிகளுக்குப் பெயரளவுக் கட்டணம் என்பதைக் குழு பரிசீலிக்கத் தயார். பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு ரூபாய்கூடக் கூடாது.

நிலத்தைப் பொறுத்தவரை, பெரிய மனைப்பிரிவுகளில் பத்து சதவீதம் ஒப்படைக்கப்படும் ஓ.எஸ்.ஆர். (திறந்தவெளி ஒதுக்கீடு) இடங்களின் பட்டியலை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும். அந்த இடம் திடலுக்கு மட்டும். கட்டடம் அதை ஒட்டி அமையலாம். கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகளிலிருந்து பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குத் தண்ணீர் போகும் வழியில் ஒரு செங்கல்லும் விழக்கூடாது. 2015 வெள்ளத்தை நினைவில் வைத்திருப்போருக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

வளாகம் மாலை 4 மணி முதல் இரவு 9 மணி வரை திறந்திருக்க வேண்டும். பெண்களுக்குத் தனிக் கழிப்பறையும், திடல் முழுக்க விளக்கும் வேண்டும். மூன்று துறைகளும் எழுத்தில் ஒப்புக்கொண்ட ஒரே பொறுப்பாளரிடம் சாவி இருக்க வேண்டும். அவருடைய பெயரும் கைபேசி எண்ணும் வாசலில் எழுதப்பட வேண்டும்.