ரெக்கார்டு நோட்டில் ஓடும் புரோகிராம்

ஆலங்காயத்திலிருந்து காவலூர் போகிற பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஒரு மாணவி. ஜவ்வாது மலைப் பெண். கீழே ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் சயன்ஸ். மடியில் பழுப்பு அட்டை போட்ட ரெக்கார்டு நோட்டு.

'என்னம்மா படிக்கிறே?'

'ஸி லேப் சார். திங்கக்கிழமை பிராக்டிகல்.'

வாங்கிப் புரட்டினேன். முதல் பக்கத்தில் 'ஹலோ வேர்ல்ட்'. 1978-ல் கெர்னிகனும் ரிட்சியும் எழுதிய புத்தகத்திலிருந்து உலகம் பூரா பரவிய அதே குட்டி புரோகிராம். இங்கே 'வாய்ட் மெயின்' என்று ஆரம்பித்து, திரையைத் துடைக்க ஒரு வரி, கடைசியில் ஒரு 'கெட்ச்'. மணிமணியான கையெழுத்து.

'கம்பைல் பண்ணிப் பார்த்தியா?'

'எர்ரர் வந்தா லேப்ல திட்டுவாங்க சார். அப்படியே மனப்பாடம் பண்ணிட்டேன்.'

எனக்குக் கோபம் வந்தது. அந்தப் பெண் மேல் இல்லை.

கம்பைலர் என்ன செய்கிறது என்பதை இந்த மலைக்காரர்களுக்கு நாம் விளக்க வேண்டியதே இல்லை. சாமையை உமியோடு சோறாக்க முடியாது. குத்திப் புடைத்து அரிசியாக்கணும். நாம் எழுதுவது உமியோடு கூடிய சாமை. கணினிக்கு வேண்டியது அரிசி. பைத்தான் போன்றவை அன்றன்றைக்கு வேண்டியதைக் குத்திப் பொங்குகிற ரகம். ஸி, மூட்டையோடு குத்தி வைத்துவிடும். அதனால்தான் ஓடும்போது வேகம். கல், பதர் பெரும்பாலும் முறத்திலேயே தெரிந்துவிடும். அதற்குப் பெயர்தான் எர்ரர்.

அரைப்புள்ளியை விட்டுப் பாருங்கள். தப்பு நாலாவது வரியில். சில கம்பைலர்கள் ஐந்தாவது வரியில் கத்தும். ஏன்? வாக்கியம் முடியவில்லை என்பது அடுத்த வார்த்தையைப் பார்த்த பிறகுதான் அதற்கு உறைக்கிறது. இந்த ஒரு 'ஏன்' புரிந்தால் பாதி கம்ப்யூட்டர் சயன்ஸ் வந்தாச்சு. அதற்குத்தான் நாம் திட்டு கொடுக்கிறோம்.

அந்த நோட்டு இன்னொரு கதையும் சொல்கிறது. டர்போ ஸி 1987-ல் வந்த சரக்கு. டாஸ் காலத்துக்கானது. இன்றைய 64-பிட் விண்டோஸில் தானாக ஓடாது. அதனால் கணினிக்குள் ஒரு பொம்மைக் கணினியை எழுப்பி அதில் ஓட்டுகிறார்கள். 1989-ல் வந்த ஸி தரவிதி 'இன்ட் மெயின்' என்றது. திரை துடைக்கும் வரி அந்தத் தரவிதியிலேயே இல்லை. அதே 1987-லிருந்து ஜிஸிஸி என்ற கம்பைலர் இலவசமாகக் கிடைக்கிறது. இன்றுவரை புதுப்பிக்கிறார்கள். காசு ஒரு சாக்கே இல்லை.

'வெளியிலிருந்து எக்ஸாமினர் வருகிறார், அறுபது பேர், மூணு மணி நேரம், எல்லோருக்கும் ஒரே மாதிரி இருந்தால்தான் திருத்த முடியும்' என்பார்கள். நியாயம்தான், திருத்துகிறவருக்கு. கற்கிறவருக்கு?

பஸ் போகிற காவலூரிலேயே பதில் இருக்கிறது. அங்கே இருக்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கியின் கண்ணாடியை வெளிநாட்டில் தேய்த்து வாங்கவில்லை. பெங்களூரில், இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் பட்டறையில் தேய்த்தார்கள். தேய், சோதி, தப்பு எங்கே என்று பார், மறுபடி தேய். கனவு கண்ட வைணு பாப்பு 1982-லேயே இறந்துபோனார். 1986-ல் அவர் பெயரையே தொலைநோக்கிக்கு வைத்தார்கள். தேய்த்தவர்களை ஒவ்வொரு தப்புக்கும் திட்டி, 'பாடத்தை மனப்பாடமாக ஒப்பி' என்றிருந்தால் கண்ணாடி வந்திருக்குமா?

கேட்பது இரண்டுதான். ஒன்று, ரெக்கார்டு நோட்டில் புரோகிராமை நகலெடுப்பதை நிறுத்துங்கள். வந்த எர்ரரையும் அதை எப்படிச் சரிசெய்தேன் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். இரண்டு, பிராக்டிகலில் தப்பான புரோகிராமைக் கொடுத்து ஓட வைக்கச் சொல்லி மார்க் போடுங்கள். சரியான புரோகிராமைத்தான் இப்போது ஏஐ அரை நொடியில் எழுதித் தருகிறதே! அதோடு மனப்பாடத்தில் போட்டி போட இந்தப் பிள்ளைகளை அனுப்பாதீர்கள்.

இறங்கும்போது சொன்னேன்: 'திங்கக்கிழமை வேணும்னே ஒரு அரைப்புள்ளியை எடுத்துட்டுப் பாரும்மா. என்ன சொல்லுதுன்னு.'

சிரித்தாள். 'மார்க் போயிடும் சார்.'

நோட்டைப் பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டாள்.