பாரிஸ் நகரில் ஒரு மிடறு தண்ணீர்

அந்நிய நகரொன்றிலே முதன்முதலாகக் கால் வைக்கும் பிரயாணியின் கண்கள் அகல விரிந்திருக்கும். அவன் வழங்கும் தீர்ப்போ அவசரமானதாயிருக்கும். இவ்விரண்டும் ஒன்று சேர்ந்தால் விளைவது யாதென்பதை நாம் பாரிஸ் நகரிலே கற்றுக்கொண்டோம். மேல்நாடு செல்ல ஆயத்தமாகும் மாணவ நேயர்களுக்கு அப்பாடம் பயன்படக்கூடுமாதலால், இவ்வாரம் அதனையே எழுதுகின்றோம்.

நாம் சென்றது ஜூன் மாத இறுதியில். விமான நிலையத்திலிருந்து புகையிரதத்தில் நகருக்குள் வந்து வீதியிலே இறங்கியபோது இரவு ஒன்பதரை மணி. ஆயினும் வானம் வெளுத்தே இருந்தது. எமது கிராமங்களில் ஊரடங்கி, நாய்கள் குரைக்கத் தொடங்கும் நேரம் அது. அங்கோ வீதி முழுவதும் திருவிழாக் கூட்டம். கோப்பிக் கடைகளின் நாற்காலிகள் ஒன்றையொன்று நோக்காமல், நாடகக் கொட்டகையிற்போல, வீதியை நோக்கியே வரிசையாக இடப்பட்டிருந்தன. நடந்து செல்வோர் நடிகர், அமர்ந்திருப்போர் சபையோர். ஒன்றரை முழ நீளமான பாணைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அதன் நுனியைக் கிள்ளித் தின்றபடி செல்லும் கனவான்களையும் கண்டோம்.

மறுநாட் காலை செய்ன் நதிக்கரை வழியே நடந்தோம். கரைச் சுவர்மீது பொருத்திய பச்சைப் பெட்டிகளில் பழைய புத்தகங்கள் விற்கப்படும் காட்சி எம்மைப் பெரிதும் கவர்ந்தது. அருகே ‘புதுப் பாலம்’ என்று பெயர்பெற்ற பாலம் ஒன்று உண்டு. 1607 ஆம் ஆண்டிலே கட்டி முடிந்த அதுவே அந்நகரில் இன்று நிலைத்திருக்கும் பாலங்களுள் மிகப் பழையது. பெயரை மாத்திரம் கேட்டு முடிவு கட்டலாகாது என்று அப்பாலம் எமக்குச் சொல்லிற்று. நாம்தான் செவிமடுக்கவில்லை.

நண்பகலில் வெயில் கொளுத்தியது. நா வறண்டது. பாண் கடை ஒன்றினுள் விரைந்து சென்று, “தண்ணீர் வேண்டும்” என்று ஆங்கிலத்திற் கேட்டோம். கடையில் நின்ற மாது எம்மை ஒருமுறை பார்த்தார். பின்னர் எமக்குப் பின்னால் வந்தவரிடம் முகமலர்ந்து பேசலானார். எமக்கு உள்ளம் சுட்டது. எமது நிறத்தையும் தோற்றத்தையும் கண்டே இவ்வாறு செய்தார் என்று எண்ணினோம். ‘அழகிய நகரம், ஆனால் அகந்தை கொண்ட மாந்தர்’ என்று எமது குறிப்புப் புத்தகத்தில் எழுதியும் வைத்துவிட்டோம்.

அன்றிரவு, அங்கே பல்லாண்டுகளாக வாழும் எமது ஒன்றுவிட்ட தம்பியிடம் இதனைக் கூறி ஆறினோம். அவர் சிரித்தார். “அண்ணை, உள்ளுக்குப் போனவுடனை ‘பொன்ஜூர்’ சொன்னனீங்களோ?” என்றார். இல்லை என்றோம். “எங்கடை ஊரிலை ஒருத்தன் படலையைத் திறந்துகொண்டு வந்து, சுகம் விசாரியாமல், ‘சீனி இருக்கோ’ எண்டு கேட்டால் அம்மா என்ன நினைப்பா?” என்று கேட்டார். நாம் வாயடைத்துப் போனோம். கடையேயானாலும், உள்ளே நுழைபவர் முதலில் வந்தனம் கூறுவதே அந்நாட்டு மரியாதை. அதனைக் கூறாதவர் மனிதரை மதியாமற் பண்டத்தை மாத்திரம் நாடி வந்தவராகக் கொள்ளப்படுவர்.

அடுத்த நாள் அதே கடைக்குச் சென்றோம். வாசலிலேயே, தெரிந்த உச்சரிப்பில், “பொன்ஜூர் மதாம்” என்றோம். அதே மாது முகமலர்ந்து பதில் வந்தனம் கூறினார். பாண் வாங்கியபின் தண்ணீருக்குச் சைகை காட்டினோம். அவர் போத்தலை எடுக்கவில்லை. வாசல்வரை வந்து, எதிரிலிருந்த சதுக்கத்தைச் சுட்டிக்காட்டினார். அங்கே கரும்பச்சை நிற இரும்பு மண்டபம் போன்றதொரு சிறு நீரூற்று. நான்கு பெண்ணுருவங்கள் அதன் கூரையைத் தாங்கி நின்றன. நடுவே தெளிந்த நீர் இழையாக வீழ்ந்துகொண்டிருந்தது. காசு கொடுத்து வாங்கவேண்டாம் என்பதே அவர் கூறியது.

அவ்வூற்றின் வரலாறு அறியத்தக்கது. 1870 ஆம் ஆண்டு முற்றுகையின்போது நகரைவிட்டுப் போகாமல் மக்களுக்கு உதவியவர் ரிச்சர்ட் வொலஸ் என்னும் ஆங்கிலேயச் செல்வர். ஏழைகள் நல்ல நீருக்கு அல்லலுறுவதைக் கண்டு, 1872 இல் இத்தகைய ஊற்றுக்களைத் தம் செலவில் நிறுவத் தொடங்கினார். கருணை, எளிமை, ஈகை, நிதானம் என்பவற்றையே அந்நான்கு பெண்களும் குறிக்கின்றனர். முன்னர் சங்கிலியிற் கட்டிய குவளைகளும் இருந்தன. சுகாதாரங் கருதி 1952 இல் அவை அகற்றப்பட்டன. நீர் இன்றும் வீழ்கின்றது. கடுங்குளிர் மாதங்களில் மாத்திரம், குழாய்கள் உறைந்து வெடியாதிருக்க, நிறுத்தி வைப்பர்.

யாழ்ப்பாணத்துத் தெருவோரங்களில் மடமும் கேணியும் சுமைதாங்கியும் அமைத்த எம் முன்னோரை அங்கு நின்று நினைத்தோம். வழிப்போக்கனின் தாகம் எல்லா நாட்டிலும் ஒன்றே. அதனைத் தீர்க்க நினைத்த மனமும் ஒன்றே. பாரிஸிலே அதனைச் செய்தவரும் எம்மைப் போல் வெளியூரவரே.

நீரருந்திய பின் குறிப்புப் புத்தகத்தை எடுத்து, முதல் நாள் எழுதிய வரியை அடித்தோம். அயல்நாடுகளில் நிறங்கண்டு இகழ்வோர் இல்லையென்று நாம் கூறவரவில்லை, இருக்கின்றனர். ஆயினும் அம்மாது அவர்களுள் ஒருவரல்லர். வெளிநாடு புறப்படும் இளைஞர்களே! பெட்டியில் கம்பளிச் சட்டையை வைக்குமுன், அந்நாட்டு மொழியில் வந்தனமும் நன்றியும் கூறப் பழகிக்கொள்ளுங்கள். ஊரைப்பற்றி எழுதும் முதற் குறிப்பை மையினாலன்றிப் பென்சிலினால் எழுதுங்கள்.