குப்பி மருந்தால் தெளியுமா கடல்நீர்?

வீட்டில் பவளத்தொட்டி வைத்திருப்போர் நீர் கலங்கியதும் கடைக்கு ஓடித் தெளிவு மருந்து வாங்கி ஊற்றுகின்றனர். இதனை நான் வன்மையாக மறுக்கிறேன். நானும் ஊற்றியவன்தான், இரண்டே வாரங்களில் என் பவளங்கள் வெறும் வெள்ளை எலும்பாயின.

கலங்கல் நோயன்று, நோயின் அறிகுறி. காய்ச்சல் கண்ட மாணவனுக்கு நெற்றியில் சந்தனம் பூசி வகுப்பில் அமர்த்துவோமா? புதுத்தொட்டி வெண்மையாகக் கலங்கினால் பெரும்பாலும் அது நுண்ணுயிர்ப் பெருக்கம். கால்சியமும் காரத்தூளும் மிகையாக இட்டால் சுண்ணாம்பு பிரிந்து நீர் பால்போலாகும். பச்சையாகக் கலங்கினால் மிதவைப்பாசி. மூன்றுக்கும் ஒரே குப்பியா? அம்மருந்து தூசைத் திரட்டுமேயன்றி அம்மோனியாவை அகற்றாது.

முதலில் அளந்து பாருங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியமாக இருத்தல் வேண்டும். ஒப்படர்த்தி 1.025, வெப்பம் 25 அல்லது 26 பாகை செல்சியசு. நம் மலேசிய வெயிலில் பூட்டிய அறை 30 பாகையை எளிதில் தாண்டும். அவ்வெப்பம் நீடித்தால் பவளம் தன்னுள் வாழும் பாசியை இழந்து வெளிறும். குளோரின் கலந்த குழாய்நீரை அப்படியே ஊற்றுவதும் கேடே.

புதுத்தொட்டி பக்குவப்பட நான்கு முதல் ஆறு வாரங்களாவது ஆகும். தொட்டி வாங்கிய அன்றே பவளத்தையும் விற்கும் வணிகரை நான் குறை கூறுவேன். வாங்கும் நம்மை அதனினும் மிகுதியாகக் கூறுவேன். பவளம் கல்லன்று, உயிர். 2024-இல் கடல் வெப்பத்தால் உலகெங்கும் பவளங்கள் வெளிறின. எஞ்சியவற்றை வரவேற்பறையில் வைத்துக் கொல்ல நமக்கேது உரிமை? காத்திருக்க இயலாதோர் படத்தில் பார்த்து மகிழட்டும்!