ஐதராவின் தலைகள்

பத்தி எழுதுபவர்களுக்கு ஐதராவின் மீது தீராத மோகம். ஊழல் என்றால் ஐதரா. போதைப்பொருள் கடத்தல் என்றால் ஐதரா. கிளர்ச்சி என்றால் சொல்லவே வேண்டாம். "ஒரு தலையை வெட்டினால் இரண்டு முளைக்கும்" என்று எழுதிவிட்டு, "ஆகவே அடியோடு எரிக்க வேண்டும்" என்று அடுத்த வரியிலேயே தீர்ப்பும் வழங்கிவிடுவார்கள்.

நானும் யோக்கியன் அல்லன். உள்நாட்டுப் போர்க் காலத்தில், செய்தி மேசையில் அமர்ந்து ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கியபோது, அந்தச் சொல்லைப் "பலதலை நாகம்" என்று பலமுறை எழுதியவன்தான். அப்படி நான் "தலை" என்று எழுதிய ஓர் இளைஞனின் தாய், பெயர்ப் பட்டியலில் மகன் பெயர் சரிதானா என்று கேட்டு ஒருநாள் அலுவலகத்துக்கு வந்தார். அன்றைய பத்திரிகை என் மேசையில் விரித்தபடி கிடந்தது. அதனை மடித்து வைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

கிரேக்கக் கதையை இவர்கள் பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். லேர்னாச் சதுப்பில் வாழ்ந்த அந்த நீர்ப்பாம்புக்கு ஒன்பது தலைகள் என்பது பரவலான வழக்கு. ஹேராக்கிளிஸ் வெட்ட வெட்டத் தலைகள் இரட்டிப்பாயின. சகோதரனின் மகன் இயோலாவுஸ் தீப்பந்தத்தால் வெட்டுவாய்களைச் சுட்ட பின்னரே முளைப்பது நின்றது. சாகாத நடுத்தலையைப் பாறைக்கடியில் புதைத்தார்கள். நமது பத்தி எழுத்தாளர்களின் கதை இங்கே முடிந்துவிடுகிறது. வீரன் அந்தப் பாம்பின் நஞ்சில் தன் அம்புகளைத் தோய்த்துக்கொண்டதை யார் எழுதுவது? அந்த அம்பு பட்டு இறந்த நெஸ்ஸஸின் இரத்தத்தில் அதே நஞ்சு கலந்தது. அந்த இரத்தம் தோய்ந்த ஆடையை, விபரம் அறியாமல், மனைவியே கணவனுக்கு அனுப்பினாள். உடல் வெந்து, வேதனை தாளாமல், தன் சிதையில் தானே ஏறினான் ஹேராக்கிளிஸ். ஐதராவைக் கொன்றவனைக் கொன்றது ஐதராவின் நஞ்சுதான்.

இந்த உவமை இன்று நேற்றுப் பிறந்ததன்று. பீற்றர் லைன்பா, மார்க்கஸ் ரெடிக்கர் ஆகிய வரலாற்றாசிரியர்கள் 2000ஆம் ஆண்டில் இதற்கென்றே ஒரு நூல் எழுதினார்கள். 17ஆம், 18ஆம் நூற்றாண்டுகளில் அத்திலாந்திக் கரையெங்கும் மாலுமிகளையும், நிலமிழந்த உழவர்களையும், தப்பியோடிய அடிமைகளையும் ஆள்வோர் ஐதரா என்றே அழைத்தார்கள் என்பதை அதில் காட்டுகிறார்கள். தம்மை எப்போதும் ஹேராக்கிளிஸாகக் கருதிக்கொண்டவர்கள் எழுதிய உவமை அது. அதைத்தான் நாம் கைமாற்றாக வாங்கி, வட்டியும் சேர்த்துச் செலவழிக்கிறோம்.

இனி உயிருள்ள ஐதராவுக்கு வருவோம். 1735இல் ஹம்பேர்க் நகரில், பெருவிலை பேசப்பட்ட ஏழுதலை ஐதரா ஒன்றின் பாடம் செய்த உடலை இளைஞர் லினேயஸ் பார்த்தார். வேறு விலங்குகளின் தாடைகளைப் பாம்புத் தோலால் ஒட்டி மூடிய போலி அது என்று போட்டு உடைத்தார். உடைமையாளர்களின் கோபத்துக்கு அஞ்சி ஊரை விட்டும் கிளம்பினார். அவரே 1758இல், நன்னீர்க் குளத்தில் இலையடியில் ஒட்டி வாழும், ஒரு சென்ரிமீற்றர் கூடத் தேறாத உயிருக்கு அந்தப் பெயரைச் சூட்டினார்.

அந்தப் பெயருக்கு வழி சமைத்தவர் ஏபிரகாம் ட்ரெம்பிளே. ஹேக் நகருக்கருகில் ஒரு பிரபுவின் பிள்ளைகளுக்குப் பாடஞ்சொன்னவர். தாவரமா விலங்கா என்று அறிய 1740இல் அதனை வெட்டிப் பார்த்தார். ஒவ்வொரு துண்டும் முழு உயிராகியது. தலையை நெடுக்காகப் பிளந்து ஏழு தலைகளையும் உண்டாக்கினார். கவனியுங்கள்: பல தலைகள் தோன்றியது கத்தியால்தான். குறுக்கே தலையை வெட்டினால் ஒன்றுதான் முளைக்கிறது, இரண்டல்ல. இருக்கும் தலை, உடலின் பிற இடங்களில் புதுத் தலை தோன்றாதபடி தடுத்து வைத்திருக்கிறது என்கிறது பிற்கால உயிரியல். தலை போன பின்னரே அந்தத் தடை நீங்குகிறது.

நூல் போன்ற கைகளால் நீர்த்தெள்ளைப் பிடித்துத் தின்று, உடலில் அரும்பு விட்டுப் பெருகும் இந்த உயிரை டானியல் மார்ட்டினெஸ் நான்கு ஆண்டுகள் அவதானித்தார். மூப்பின் அறிகுறி எதையும் காணவில்லை என்று 1998இல் எழுதினார். உடனே "சாகாவரம் பெற்ற ஐதரா" என்று பத்திரிகைத் தலைப்புகள் கிளம்பின. (தலைப்பு என்றாலே நமக்கு நிதானம் தவறிவிடும்.) மூப்பு இல்லை என்பது சாவு இல்லை என்பதாகாது. நீரில் செம்பு, கட்மியம் போன்ற உலோகக் கழிவு கலந்தால் வெகு விரைவில் துன்புறும் உயிர்களில் இதுவும் ஒன்று. அதனாலேயே நீரின் நச்சுத்தன்மையைச் சோதிக்க ஆய்வுகூடங்களில் இதனைப் பயன்படுத்துகிறார்கள். முதலில் கைகளின் நுனிகள் தடிக்கும். பின்னர் கைகள் சுருங்கும். உடல் குறுகி, கடைசியில் கரைந்துபோகும். அந்த நீரில் தலை எதுவும் முளைப்பதில்லை.